பத்து மணி ரீடிங்

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளம் முடிகிற இடத்தில், இருநூறு அடி உயரத்துக்கு ஒரு புகைக்கூண்டு கட்டினோம். அதை வரைந்தவன் நான். கூட நின்று கட்டி முடித்தவனும் நான். என் வேலைக்காலத்தில் கட்டின மற்றக் கூண்டுகளைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடம் அலுக்காமல் பேசுவேன். இதைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டேன். புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் திண்டிவனம் வழியாகத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிப்பேன். "கடலோரமா போனா காத்தாட இருக்குமே" என்பாள் என் மனைவி. "ரோடு சரியில்லை" என்று எரிந்து விழுவேன். ரோட்டுக்கு ஒரு கேடும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் மெட்ராஸில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் இருந்தேன். உப்பிலிருந்து சலவைச்சோடா எடுக்கப்போகிற ஒரு தொழிற்சாலைக்குப் புகைக்கூண்டு வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். அடியில் எவ்வளவு அகலம், மேலே போகப்போக எவ்வளவு ஒடுங்க வேண்டும், புயல் காற்று எவ்வளவு வேகத்தில் வந்தால் எவ்வளவு கம்பி தாங்கும் என்று மூன்று மாதம் கணக்குப் போட்டேன். படத்தின் ஓரத்தில், அழகான என் கையெழுத்தில், ஒரு குறிப்பும் எழுதினேன்: "நேர் பார்ப்பதைச் சூரியன் உதிப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்."

இந்தக் குறிப்பு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மானம் போனதே இதில்தான். காங்கிரீட் கூண்டு வெயிலில் நின்றால் வெயில் படுகிற பக்கம் சூடேறி லேசாக நீளும். அந்தப் பக்கம் நீண்டால் கூண்டு எதிர்ப்பக்கம் சாயும். காலையில் வெயில் கிழக்கே, கடல் பக்கம். அதனால் மேற்கே சாயும். ராத்திரி குளிர்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். அதனால்தான் கூண்டு நேராக ஏறுகிறதா என்று வெயிலுக்கு முன்னால் பார்க்க வேண்டும். வெயிலில் பார்த்தால் இல்லாத சாய்வு இருப்பதாகத் தெரியும். இதைப் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, படத்திலும் எழுதினவன் நான்.

படம் வரைந்தவனே சைட்டுக்கும் போகட்டும் என்று என்னை அனுப்பினார்கள். இருபத்தாறு வயது. தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை.

சைட்டில் பலகை மேஸ்திரியாக இருந்தவர் கூனிமேட்டுக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் வட்டமாகப் பலகை அடைப்பது அவர் வேலை. நாலடிக்கு அடைப்பார், கொட்டுவார்கள், இறுகியதும் பலகையைக் கழற்றி மேலே ஏற்றி அடுத்த நாலடி. இப்படி நாலு நாலு அடியாகத்தான் கூண்டு வளரும். ஒவ்வொரு நாலடிக்கும் முன்னால் நேர் பார்க்க வேண்டும். உச்சியின் நடுவிலிருந்து ஒரு கம்பியில் கனமான தூக்குக்குண்டைத் தரை வரைக்கும் இறக்குவோம். காற்றில் ஆடாமல் இருக்க, கீழே கழிவு எண்ணெய் ஊற்றின டிரம்முக்குள் குண்டு முங்கி நிற்கும். டிரம்மின் வாயில் குறுக்கே வைத்த அளவுகோலைப் பார்த்தால், கம்பி நடுவிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுதி இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மேஸ்திரிக்குக் கிடையாது.

பாய் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு, கூனிமேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து, இருட்டு பிரிவதற்குள் வந்துவிடுவார். உப்பளத்து ஆட்கள் வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டும் என்று அந்த நேரத்துக்கே பாத்தியில் இறங்கியிருப்பார்கள். அவர்களும் பாயும்தான் அங்கே இருப்பார்கள். நான் இருக்க மாட்டேன்.

நான் புதுச்சேரியில் அறை எடுத்திருந்தேன். சைட்டில் எனக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகையில் கொசுவும் உப்புக் காரமும், மனுஷன் தங்குவானா? இப்படிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. புதுச்சேரியில் சீட்டாட ஒரு கூட்டம் கிடைத்திருந்தது, கூடவே குடியும். விடியற்காலை முதல் பஸ்ஸை நான் பிடித்தது முதல் பத்துநாள்தான். அப்புறம் எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, சைட்டில் இறங்கும்போது மணி பத்து ஆகியிருக்கும்.

நான் வந்த பிறகு பாய் மறுபடியும் குண்டை இறக்கிக் காட்டுவார். பத்து மணிக்கு என்ன தெரிகிறதோ அதைப் பார்த்து எழுதுவேன். நேரம் என்கிற இடத்தில் மட்டும் "காலை 5.45" என்று போடுவேன். ரிஜிஸ்டரை மெட்ராஸ் ஆபீஸில் பார்ப்பார்கள் இல்லையா, அதற்காக.

நூறு அடி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் பார்த்தாலும் பத்து மணிக்குப் பார்த்தாலும் நூலளவு வித்தியாசம்தான். பார்த்தாயா, இந்தச் சின்னக் கூண்டுக்கு வெயில் என்ன பண்ணிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேலே போகப் போகத்தான் அளவு விலக ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு இஞ்ச் மேற்கே காட்டியது.

"பாய், மேற்கால போவுது. பலகைய ஒரு இஞ்ச் கிழக்கால தள்ளி அடைங்க" என்றேன்.

"காலையில பார்த்தேன் சார். நேராத்தான் இருந்துச்சு."

"இப்ப பாருங்க, ஒரு இஞ்ச்."

"வெயில் வந்துடுச்சே சார். அதுல காட்டுறது."

அவர் புத்தகம் படித்ததில்லை. வடக்கே எங்கெங்கோ கூண்டு வேலையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. நானே எழுதின விஷயத்தை அவர் எனக்குச் சொல்கிறார். அதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. மேஸ்திரிகள் தங்கள் ஆட்களின் தப்பை மறைக்க ஏதாவது சொல்வார்கள், நம்பாதே என்று ஆபீஸில் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இன்ஜினியர் நீங்களா நானா?" என்று கேட்டேன், ஆட்கள் முன்னாலேயே. பாய் மேலே ஏறினார். நான் சொன்னபடி ஒரு இஞ்ச் கிழக்கே தள்ளி அடைத்தார். சொன்னால் சொன்ன அளவுதான், ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. அவர் கை அப்படி.

உயரம் ஏற ஏற வெயில் சாய்வும் கூடுமே, அடுத்த தடவையும் மேற்கே காட்டியது. மறுபடி கிழக்கே தள்ளச் சொன்னேன். அதற்கடுத்தும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் பாய், "காலையில பார்த்தேன் சார்" என்று ஆரம்பிப்பார், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். "கண்ணாடி போடுங்க பாய், வயசாகுதில்ல" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் கண்டுபிடித்தது உப்பு வாரும் பெண்கள்தான். ஒருநாள் நான் வரப்பில் நடந்து வரும்போது ஒருத்தி கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "இன்னா சார், உங்க பொகக்கூண்டு கடலு பக்கம் எட்டிப் பாக்குதே, மீன் புடிக்கப் போவுதா?" கூட இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "வேலையப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கொட்டகை போய்ச் சேர்வதற்குள் கூண்டை நாலு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

மறுநாள் மழை மேகம் மூடிக்கொண்டது. வடகிழக்குப் பருவம் தொடங்குகிற சமயம். மருந்துக்கும் வெயில் இல்லை. அதே பத்து மணிக்குக் குண்டை இறக்கினோம். கம்பி ஐந்து இஞ்ச் கிழக்கே நின்றது. டிரம் நகர்ந்திருக்குமோ என்று பார்த்தேன். நகரவில்லை. ஐந்து இஞ்ச். நான் தள்ளச் சொன்ன அத்தனை இஞ்சும் அங்கே அப்படியே இருந்தது. மேற்கே சாய்ந்ததெல்லாம் வெயில் காட்டின பொய். நேராக ஏறிக்கொண்டிருந்த கூண்டை நானே பிடித்துக் கோணலாக்கியிருக்கிறேன்.

பாய் பக்கத்தில்தான் நின்றார். "நான் சொன்னேனே சார்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடக் கத்திச் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பீடியை அணைத்துவிட்டு, "இப்ப என்னா பண்ணலாம் சார்?" என்றார்.

என்ன பண்ணலாம் என்று யோசிப்பதற்குள் மெட்ராஸிலிருந்து சீஃப் இன்ஜினியர் வந்துவிட்டார். என்னைப் போல இல்லை அவர். முந்தின நாளே வந்து பயணியர் விடுதியில் தங்கி, விடியற்காலையில் தானே சைட்டுக்கு வந்து குண்டை இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். எனக்கு ஆள் அனுப்பினார்கள். விழுந்தடித்துக்கொண்டு போனபோது அவர் கொட்டகையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாய் வாசலில் நின்றார்.

"ரிஜிஸ்டர் கிளீனா இருக்கு. எல்லா ரீடிங்கும் விடியகாலையில எடுத்திருக்கே. மேற்கே ஒரு இஞ்ச் காட்டினா, கிழக்கே ஒரு இஞ்ச் தள்ளச் சொல்லியிருக்கே. சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார் என்னிடம். பிறகு பாய் பக்கம் திரும்பினார். "அப்ப கூண்டு நேராகியிருக்கணுமே. அஞ்சு இஞ்ச் கிழக்கே போயிருக்குன்னா என்ன அர்த்தம்? ஒரு இஞ்ச்னா நீ ரெண்டு இஞ்ச் தள்ளியிருக்கே. அளந்து அடைச்சியா, கண்ணால பார்த்து அடைச்சியா மேஸ்திரி?"

பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. இந்த ரீடிங் எல்லாம் விடியற்காலையில் எடுத்தது இல்லை, பத்து மணிக்கு எடுத்தது. அவ்வளவுதான். அதை நான் சொன்னால் அவர் மேல் ஒரு தூசி இல்லை. வடக்கே இதைவிடப் பெரிய கூண்டு ஒன்று வரப்போகிறது, அதற்குத் தலைமை மேஸ்திரி நீதான் என்று இதே சீஃப் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"நான் அளந்துதான் அடைச்சேன் சார். சார் சொன்ன அளவு. சாரையே கேளுங்க" என்றார் பாய்.

சீஃப் என்னைக் கேட்டார். "என்னப்பா, ரீடிங் நேரம், அளவு எல்லாம் கரெக்ட்தானே?"

வாயில் கொழுக்கட்டை எதுவும் இல்லை. பேச முடிந்தது. பேசினேன். "ரிஜிஸ்டர்ல இருக்கிறதுதான் சார்" என்றேன்.

பாய் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினியர் கையெழுத்துக்கு எதிராக மேஸ்திரி வாய்வார்த்தை எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே அவரை நிறுத்தினார்கள். இனி எந்த சைட்டிலும் இவரை எடுக்கக் கூடாது என்று கம்பெனியில் எழுதியும் வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வேறு மேஸ்திரி வந்தார். மிச்ச உயரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே இழுத்து, உச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து முடித்தோம். கூண்டுக்கு ஆபத்து இல்லை, இன்றைக்கும் நிற்கிறது. முக்கால் உயரத்தில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். பஸ்ஸில் போகிறவன் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும். அந்த மிச்ச வேலை முடிகிற வரைக்கும் நான் ஒருநாள் தவறாமல் விடியற்காலை பஸ்ஸில் வந்தேன். அப்போது வந்து என்ன பிரயோஜனம்?

இதில் இன்னொரு கூத்து. ரிஜிஸ்டர் எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று என் ரிஜிஸ்டரை மற்ற சைட்டுகளுக்கெல்லாம் காட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. அம்மா கோயிலுக்கு மாலை வாங்கிப் போட்டாள். நானும் கூடப் போய்க் கும்பிட்டேன், வெட்கமில்லாமல்.

நாலு வருஷம் கழித்து வேறு வேலையாகப் புதுச்சேரி போய்விட்டுக் கடலோர பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கூனிமேட்டில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டேன். முன்கூட்டித் திட்டம் போட்டதில்லை, கால் தானாக இறங்கியது. டீக்கடையில் பாயின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் புரியாமல் விழித்தார். "பொகக்கூண்டு வேலை பார்த்தவரு" என்றதும், "அட, கோணப் பாயா!" என்று சிரித்துக்கொண்டே வழி காட்டினார். ஊரில் அவருக்கு அதுதான் பெயர்.

அவர் ஒரு கொட்டகையில் மீன் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல. டீ சொல்லி அனுப்பினார்.

"மீன் பெட்டி செய்றீங்களா பாய்?"

"வூட்டு வேலை வர்றது இல்ல சார். கோணப் பாய்கிட்ட குடுத்தா கதவு கோணும்னு சொல்லிட்டாங்க. தமாசுக்குத்தான் சொல்றாங்க. ஆனா வேலை குடுக்க மாட்டேங்குறாங்க. மீன் பெட்டின்னா எவனும் நேர் பாக்க மாட்டான்."

டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பத்து மணிக்கு எடுத்தது, விடியற்காலை என்று எழுதினது, சீஃப் கேட்டபோது மறைத்தது, ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும்தான் உறைத்தது, இதில் அவருக்குத் தெரியாதது ஒரு எழுத்துகூட இல்லை. நான் பத்து மணிக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்றவரே அவர்தானே.

"அன்னிக்கு நீங்க ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன் சார்" என்றார். கோபம் இல்லை குரலில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னை மன்னிச்சிருங்க பாய்."

"மன்னிப்புக்கு என்னா சார், அது அல்லா பார்த்துக்குவான். எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க." கொஞ்சம் தயங்கினார். "வர்ற வெள்ளிக்கெழமை ஜும்மா தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்கிட்ட ஊரு ஆளுங்க நாலு பேரு நிப்பாங்க. இப்ப என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிட்டுப் போயிடுங்க. நான் சரியாத்தான் அடைச்சேன்னு. அது போதும்."

"கண்டிப்பா வர்றேன் பாய்."

"கண்டிப்பாத்தானே சார்? ஏன்னா நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுடுவேன்."

"சொல்லி வைங்க" என்றேன். என் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் பஸ் வரைக்கும் கூட வந்தார். டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரரிடம், "வெள்ளிக்கெழமை எங்க சார் வர்றாரு, நீயும் வந்து கேளு" என்று சத்தமாகச் சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வாங்கி உட்காரவும் உட்கார்ந்தேன். அப்போதுதான் புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. கூட்டத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் ஒருத்தனாவது இருப்பான். அவன் போய்ச் சொன்னால் மெட்ராஸுக்கு எட்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாதம் இன்னொரு பதவி உயர்வு. அடுத்த வெள்ளிக்கிழமை போனால் என்ன, ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன். தூக்கம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

அந்த முதல் வெள்ளிக்கிழமை கழிந்து நாலைந்து நாளில் ஒரு தபால் கார்டு வந்தது. நேர் நேரான எழுத்து. "சாருக்கு சலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லாரும் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரரும் வந்திருந்தார். சாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததாக அவர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது உடம்பு தேவலையா?"

அந்த மனுஷன் பொய் சொல்லி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கார்டுக்கு நான் பதில் போடவில்லை.